ரெண்டாவது டிகிரிக்குப் பணம் தேடின கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அயனம்பாக்கம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"பொண்ணை நர்சு ஆக்கின கதையைப் பேசு" என்று சொல்லித்தான் என்னை மேடையில் ஏத்தியிருக்காங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனா கடன் இன்னும் அப்படியே இருக்கு. முதல் தவணையே இந்த வருஷக் கடைசியில்தான் ஆரம்பிக்குது. அதனால ஜெயிச்ச கதைன்னு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணம் தேடி எங்கெங்கே போனோம், எந்தக் கதவு திறந்தது, எது திறக்கவில்லை என்று சொல்கிறேன். இதே கேள்வியோடு இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கீங்க, எனக்குத் தெரியும்.

நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். பிளவுஸ், புடவைக்கு ஃபால்ஸ், ஸ்கூல் யூனிஃபார்ம். வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருக்கிறார். பெரிய பொண்ணு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. பயாலஜி குரூப். அப்பவே நர்சிங் கேட்டாள். அரசுக் கல்லூரியில் சீட்டு கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை, தனியாருக்குக் கட்ட எங்களிடம் பணம் இல்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்த்துவிட்டோம். எங்க ரெண்டு பேர் வீட்டிலும் முதல் டிகிரி அவள்தான்.

2021இல் அவள் முடிக்கிற நேரம் கொரோனா ரெண்டாவது அலை. என் மாமியார் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாங்க. உள்ளே யாரையும் விடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு சிஸ்டர் தன் போனிலிருந்து கூப்பிட்டு, "உங்க மாமியார் ரெண்டு இட்லி சாப்பிட்டாங்கம்மா" என்று சொல்வாங்க. அந்த ஒரு போனுக்காக வீடே முழிச்சிருக்கும். மாமியார் பிழைச்சு வந்தாங்க. பொண்ணு மறுபடி ஆரம்பிச்சா: "அம்மா, நான் நர்சிங்தான் படிப்பேன்."

வீட்டில் சண்டை. இன்னும் நாலு வருஷமா, கல்யாணம் எப்போ, தங்கச்சி படிப்புக்கு என்ன வழி, எல்லாம் வந்தது. "நர்சுக்கு எதுக்கு டிகிரி?" என்று இவர் கேட்டார். 1946லேயே வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு ஆரம்பிச்சாச்சு என்று போனைக் காட்டி அப்பாவிடம் சொன்னாள். நம்ம வானகரம் அம்பத்தூர் ரோட்டிலேயே அப்போலோ நர்சிங் கல்லூரி இருக்கு, பஸ்ஸில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கோம். ஆனா பஸ்ஸில் பார்ப்பது வேற, நம்ம வீட்டுப் பிள்ளை என்று வரும்போது வேற.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். நான் நினைச்சது என்னன்னா, பெண் பிள்ளை, அரசுப் பள்ளி, வருமானம் கம்மி, ஏதாவது ஒரு உதவித்தொகை கிடைக்காமலா போயிடும்? ஒவ்வொண்ணா விசாரிச்சபோதுதான் தெரிஞ்சது. 'ரெண்டாவது டிகிரி' என்ற வார்த்தையைச் சொன்னதும் உதவித்தொகை எல்லாம் ஒதுங்கிடுது.

முதல்ல முதல் பட்டதாரி சலுகை. கலந்தாய்வு மூலமா தொழிற்படிப்பில் சேர்கிற பிள்ளைகளுக்கு 2010இல் வந்தது. இ-சேவை மையத்தில் சான்றிதழ் கேட்கப் போனோம். "வீட்டில் யாராவது பட்டதாரி இருக்காங்களா?" "இவளே இருக்கா." "அப்போ எப்படிம்மா முதல் பட்டதாரி?" முடிஞ்சது. எனக்கு அன்னைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அடுத்தது மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தா கிடைக்கிறது. நல்ல உதவி, நம்ம கூட்டமைப்பில் நிறைய பிள்ளைகள் அதில் படிச்சிருக்காங்க. அதன் மத்திய அரசு விதியில் ஒரு வரி இருக்கு: ஒரு நிலைப் படிப்பை முடிச்சவர் அதே நிலையில் வேறு பாடம் படிச்சா தகுதி இல்லை. அதாவது ஒரு இளங்கலை முடிச்சிட்டு இன்னொரு இளங்கலை சேர்ந்தா கிடையாது. இளங்கலை முடிச்சு முதுகலை போனா வேற கணக்கு.

கல்விக் கடனுக்கு மத்திய அரசு வட்டி மானியம் ஒன்று இருக்கு, 2009இல் ஆரம்பிச்சது, வருமானம் 4.5 லட்சத்துக்குள். படிக்கிற காலத்து வட்டியை அரசே கட்டும். அதிலும் ஒரே ஒரு தடவைதான். முதல் இளங்கலைக்கு வாங்கலாம், இல்லை முதுகலைக்கு வாங்கலாம். ரெண்டாவது இளங்கலைக்கு இடமில்லை.

அப்புறம் 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது, மாசம் ஆயிரம் ரூபாய். அப்போ இவள் நர்சிங் படிச்சுக்கிட்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வங்கியில் பணம் ஏறுது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதானே என்று ஓடினோம். முதல் முறையா உயர்கல்வியில் சேர்ந்திருக்கணும் என்று விதி. நாங்க ரெண்டாவது முறை.

இதை எல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு டிகிரியும் இல்லாத பிள்ளைக்கு முதல்ல கொடுக்கணும், அது நியாயம்தான். ஆனா பதினேழு வயசில் பணம் இல்லாமல் கிடைச்ச படிப்பில் சேர்ந்த பிள்ளைக்கு, அந்த முதல் டிகிரியே பிறகு குறுக்கே வந்து நிற்குது. அதனால் உங்க வீட்டில் பிள்ளை இப்போ பன்னிரண்டு படிக்குதுன்னா, நர்சிங் ஆசை உண்மையிலேயே இருக்கான்னு இப்பவே உட்கார்ந்து கேளுங்க. முதல் படிப்புக்குக் கிடைக்கிற உதவி எல்லாம் அப்போதான் கைக்கு வரும். நான் அன்னைக்குக் கேட்டேன், ஆனா பதிலுக்குக் காத்திருக்கலை. "கிடைச்சதைப் படி" என்று சொல்லிட்டேன்.

ஜி.என்.எம். டிப்ளமா முடிச்ச பிள்ளைகளுக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாது. அவங்களுக்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் என்று ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு. கையில் இருப்பது டிப்ளமாதான், அதனால் அது அவங்களுக்கு முதல் டிகிரி. தனியா விசாரிங்க, என் கதையைக் கேட்டுப் பயந்து விட்டுடாதீங்க.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் ஒரு ஏஜென்ட் வந்தார். வெளி மாநிலத்தில் சீட்டு, ஸ்காலர்ஷிப்போடு சேர்த்து, பதினஞ்சாயிரம் கொடுத்தா போதும் என்றார். ஐயாயிரம் முன்பணம் கொடுத்துட்டேன், ரசீது வாங்கலை. குழுவில் அஞ்சு ரூபாய்க்குக் கையெழுத்து வாங்குகிற நான்! பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுங்க என்று அவர் கேட்டப்போதான் பொண்ணு உஷாரானாள். அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு கேட்டாள். பேச்சை மாத்தினார். ஐயாயிரம் போனது போனதுதான். ஒரிஜினல் போயிருந்தா? பாதியில் படிப்பை விட்ட பிள்ளைங்க சர்டிபிகேட்டை மீட்கப் படுகிற பாடு நம்ம ஏரியாவிலேயே பார்த்திருக்கேன். இன்னொண்ணு, தெருவுக்குத் தெரு 'நர்சிங்' என்று போர்டு போட்டு ஆறு மாசம், ஒரு வருஷம் சொல்லிக் கொடுக்கிறாங்க. அதை முடிச்சா தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு பண்ண முடியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதிவு இல்லைன்னா அது ஸ்டாஃப் நர்சு வேலைக்கு உதவாது. அந்தப் படிப்புக்கு வங்கியும் கடன் தராது.

கடைசியில் அங்கீகாரம் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைச்சது. படிப்புக் கட்டணம் வருஷம் 80 ஆயிரம், நாலு வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். சேரும்போதே சேர்க்கைச் செலவு, யூனிஃபார்ம், புத்தகம் என்று 40 ஆயிரம், ஒரு வாரத்துக்குள் கட்டணும். வங்கிக் கடன் ஒரு வாரத்தில் வராது. அந்த வாரம்தான் நான் குழுவில் உள்கடன் கேட்டேன், 50 ஆயிரம்.

அந்தக் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். எங்க குழுவில் ஒரு அக்கா, பெயர் சொல்லலை, எழுந்து கேட்டாங்க: "ஒரு டிகிரி வாங்கினவளுக்கு ரெண்டாவதுக்கு ஐம்பதாயிரமா? என் பொண்ணு பன்னிரண்டோட நிக்கிறா. அது யார் பணம்? எல்லார் சேமிப்பும்தானே?" யாரும் பேசலை. எனக்கு முகமெல்லாம் எரிஞ்சது. எட்டு வருஷமா ஒரு தவணை தவறாமல் கட்டியிருக்கேன், என்னைப் பார்த்து இப்படிக் கேட்கிறாங்களே என்று. ரெண்டு மாசம் அவங்களோடு பேசலை.

ஊக்குநர்தான் நடுவில் பேசினாங்க. தீர்மான நோட்டில் எழுதினது: 30 ஆயிரம் கொடுப்பது, நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி, மாசம் ரெண்டாயிரம் அசல், பதினஞ்சு மாசத்தில் முடிக்கணும். மீதி பத்தாயிரத்துக்கு என் தோட்டை அடகு வைச்சேன். அந்த வாரம் குழு இல்லைன்னா நான் கந்து வட்டிக்காரரிடம்தான் போயிருப்பேன். பத்து வட்டி என்றா முப்பதாயிரத்துக்கு மாசம் மூவாயிரம் வட்டியாவே போயிருக்கும். குழுவில் முதல் மாச வட்டி முந்நூறு ரூபாய். கணக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா கழுத்துக்குக் கத்தி வரும்போது மறந்துடுது.

அந்த அக்கா கேட்டதைப் பிறகு பல தடவை நினைச்சுப் பார்த்தேன். அவங்க பொண்ணு பன்னிரண்டோடு ஏன் நின்னுட்டா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பொண்ணுக்கு இப்போ கல்யாணமாகி ஒரு குழந்தை. கேட்டிருக்கலாம்.

இனி வங்கி. வித்யாலக்ஷ்மி என்று ஒரு இணையதளம், 2015இல் வந்தது. அதில் ஒரே விண்ணப்பத்தை மூணு வங்கிக்கு அனுப்பலாம். சேர்க்கைக் கடிதம், கல்லூரி கொடுக்கிற கட்டண விவரம், அங்கீகாரக் கடிதம், எல்லா மார்க் ஷீட்டும், வருமானச் சான்று, ஆதார், பான் கார்டு. 4 லட்சம் வரைக்கும் நம்ம கையிலிருந்து பங்குத்தொகை போட வேண்டாம், சொத்து ஜாமீனும் வேண்டாம். பெற்றோரில் ஒருத்தர் இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உள்ள படிப்பு வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கு.

முதல் வங்கியில் என்ன நடந்ததுன்னா, கவுன்டரிலேயே சொல்லிட்டாங்க: "ஏற்கெனவே டிகிரி இருக்கே, வேலைக்கு அனுப்புங்கம்மா. உங்க ஏரியாவும் எங்க பிராஞ்சில் வராது." நான் சரிங்க சார் என்று திரும்பிட்டேன். வீட்டுக்கு வந்து ஊக்குநரிடம் சொன்னா என்னைத் திட்டினாங்க. "வாயால சொன்னதை ஏன் கேட்டுட்டு வந்தே? எழுத்தில் கொடுங்கன்னு கேட்கணும்." உண்மைதான். ஏரியாவைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. மறுத்தா காரணம் சொல்லணும். கலெக்டர் ஆபீசில் கல்விக் கடன் முகாம் நடத்துகிறாங்க, எல்லா வங்கிக்காரங்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாங்க. அங்கே போனோம்.

அங்கே ஒரு மேலாளர், வயசானவர், பொண்ணையே கேட்டார்: "கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு ஏன் இது?" பாட்டி கதையைச் சொன்னாள். "அதை ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா, ஃபைலில் வைக்கணும்" என்றார். தமிழிலேயே எழுதினாள். ரெண்டாவது டிகிரிக்கு யார் விண்ணப்பிச்சாலும் இந்த ஒரு பக்கத்தை முதலிலேயே எழுதி வைச்சுக்குங்க. ஏன் மாறுகிறாள், முடிச்சா என்ன வேலை, எப்படிக் கட்டுவாள். கேட்கிறதுக்கு முன்னாடி கையில் இருந்தா மரியாதையே வேற.

நடுவில் ஒரு சிக்கல். வீட்டுக்காரர் டூவீலர் லோனில் ரெண்டு தவணை தவறியிருந்தார், அது சிபிலில் நின்னது. அதனால் இணைக் கடன்தாரரா நான் போட்டேன். குழுப் பாஸ்புக், வங்கி இணைப்புக் கடன் கட்டின கணக்கு, எல்லாம் பையில் எடுத்துப் போயிருந்தேன். வீட்டில் இத்தனை வருஷத்தில் முதல் தடவையா, கையெழுத்துக்கு என்னை முன்னாடி உட்கார வைச்சாங்க. இவர் பின்னாடி நாற்காலியில்.

3 லட்சத்து 20 ஆயிரம் சாங்ஷன் ஆச்சு. பணம் நம்ம கையில் வராது, வருஷா வருஷம் கல்லூரிக் கணக்குக்கே போகும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். தவணைதான் இல்லை, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுது.

புரிவதற்காக வட்டி 10 சதவீதம் என்று வைச்சுக்குவோம். முதல் வருஷ 80 ஆயிரத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 40 ஆயிரம். ரெண்டாவது வருஷத்துக் கட்டணத்துக்கு நாலு வருஷ வட்டி 32 ஆயிரம். அப்புறம் 24, அப்புறம் 16. மொத்தம் 1 லட்சத்து 12 ஆயிரம். ஒண்ணுமே கட்டாமல் விட்டா, தவணை ஆரம்பிக்கிற அன்னைக்குக் கடன் 4 லட்சத்து 32 ஆயிரமா நிற்கும். பத்து வருஷத்தில் கட்டினா மாசம் சுமார் 5,700. வட்டியை மட்டும் அப்பப்போ கட்டி வந்தா, கடன் 3 லட்சத்து 20 ஆயிரமாவே இருக்கும், மாசத் தவணை சுமார் 4,200. கட்டின வட்டியையும் சேர்த்துக் கழிச்சுப் பார்த்தா மொத்தத்தில் 65 ஆயிரம் மிச்சம். படிக்கும்போதே வட்டி கட்டினா ஒரு சதவீதம் வட்டி குறைக்கிற வங்கியும் உண்டு, பெண் பிள்ளைக்கு அரை சதவீதம் குறைக்கிற வங்கியும் உண்டு. கேட்டால்தான் சொல்வாங்க.

முதல் வருஷம் அந்த வட்டி மாசத்துக்கு 667 ரூபாய்தான். நாலு பிளவுஸ். அதை ஒரு டப்பாவில் தனியா போட்டு வைச்சேன். 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் பெரிய உதவி. கல்லூரிக்கும், டியூட்டி போடுகிற ஆஸ்பத்திரிகளுக்கும் இவள் போய் வந்த செலவு அப்படியே டப்பாவில் விழுந்தது. ரெண்டு வருஷம் ஒழுங்கா வட்டி கட்டினேன். மூணாவது வருஷம் வட்டியே மாசம் ரெண்டாயிரம் ஆச்சு, சின்னவளும் கல்லூரி போனாள், என் மெஷின் மோட்டாரும் போச்சு. விட்டுட்டேன். அந்த வட்டி இப்போ அசலோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கு. மறைக்கிறதில் என்ன இருக்கு?

பொண்ணு போன வருஷக் கடைசியில் முடிச்சாள். கவுன்சிலில் பதிவு பண்ணியாச்சு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 16 ஆயிரம் சம்பளம், பாதி நாள் நைட் டியூட்டி. தவணை அதில் மூணில் ஒரு பங்குக்கு வரும். இன்னொரு ஆஸ்பத்திரியில் படிப்புக் கடனை நாங்களே அடைக்கிறோம், மூணு வருஷம் பாண்டு போடுங்க என்றாங்க. பத்திரத்தைப் படிச்சுப் பார்த்தோம். நடுவில் நின்னா ரெண்டு மடங்கு கட்டணும், ஒரிஜினல் சர்டிபிகேட் அவங்களிடம் இருக்கும். வேண்டாம் என்று வந்துட்டோம். நல்ல பாண்டும் இருக்கலாம், ஆனா சர்டிபிகேட்டைக் கேட்டா எழுந்து வந்துடுங்க.

இப்போ விண்ணப்பிக்கிறவங்களுக்கு ஒரு செய்தி. 2024 நவம்பரில் பி.எம். வித்யாலக்ஷ்மி என்று புதுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தா, 10 லட்சம் வரை கடனுக்கு 3 சதவீதம் வட்டிச் சலுகை. ஆனா பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும்தான், ஆரம்பத்தில் 860 நிறுவனங்கள். நீங்க சேர்கிற கல்லூரி அதில் இருக்கா என்று பணம் கட்டும் முன்னாடி பாருங்க, கட்டின பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை. தாட்கோ, டாப்செட்கோ, டாம்கோ ஆபீசிலும் அவங்கவங்க பிரிவுக்கு என்ன கடன் இருக்கு என்று ஒரு நடை போய்க் கேளுங்க. நாங்க அந்தப் பக்கம் போகவே இல்லை, யாரும் சொல்லலை.

அந்த அக்கா இன்னைக்கு இந்தக் கூட்டத்தில்தான் இருக்காங்க. போன மாசம் வந்து, "என் ரெண்டாவது பொண்ணுக்கு நர்சிங் சீட்டு பார்க்கணும், வித்யாலக்ஷ்மி எப்படிப் போடுறது?" என்று கேட்டாங்க. அவளுக்கு இது முதல் டிகிரி, அதனால் நான் சொன்ன எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கலாம். இ-சேவை மையத்துக்கு நானும் கூடப் போறேன். உள்கடன் கேட்டா தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

வேறு யாருக்காவது விண்ணப்பம் போடணும்னா, சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் குழுக் கூட்டம் நடக்கிற இடத்துக்கு வாங்க. மார்க் ஷீட் நகல், வருமானச் சான்று, ஆதார், பான் எல்லாம் ரெண்டு செட் எடுத்து வாங்க. ஒரிஜினலை வீட்டிலேயே பத்திரமா வைங்க.